மஞ்சள் தோன்றாத காமாலை

(ஊராட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



காமாலை என்றவுடன் கண் மஞ்சளாவதும், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து பருகுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ‘ஹெபடைடிஸ்-பி’ என்னும் கல்லீரல் நோயோ வேறு வகையினது. இதன் கிருமி பல ஆண்டுகள் யாதோர் அறிகுறியும் காட்டாமல் தங்கிக் கல்லீரலைச் சுருக்குகிறது. சிலருக்குப் புற்றுநோயாகவும் முடிகிறது.

மருத்துவ வசதி எட்டாத இடங்களில் இந்நோய் கவனிப்பாரின்றி வளர்கிறது. அமேசான் மழைக்காடுகளில் இதனுடன் ‘டி’ என்னும் கிருமியும் சேர்ந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம் நாட்டில் நிக்கோபார் பழங்குடியினரிடையே இது மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் மாவட்டத்திலும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரம் இருளர் குடியிருப்புகள் உள்ளன. அங்கு நோய் மிகுதி என்று நான் கூறவில்லை. கால்வாயில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைப்போர் ஒரு நாள் மருத்துவமனை சென்றால் அன்றைய வருவாய் போயிற்று. ஆதலால் பரிசோதனைக்கு வருவது அவர்களுக்கு அரிது என்றே கூறுகிறேன்.

இக்கிருமி இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. பிறர் சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி ஆகியவற்றில் எச்சரிக்கை வேண்டும். ஒரே பந்தியில் உண்பதாலோ, ஒரே குடத்து நீரைப் பருகுவதாலோ பரவாது. நோயாளியை ஒதுக்குவது அநியாயம்.

பிறப்பில் தொற்றிய குழந்தைகளில் 100க்கு 90 பேரிடம் கிருமி நிலைத்துவிடுகிறது. ஆகவே பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். தாய்க்கு நோயிருப்பின் சேய்க்குக் கூடுதலாக ஓர் ஊசியும் தேவை. ‘பி’யைத் தடுத்தால் ‘டி’யும் அணுகாது.

கீழாநெல்லி பற்றிச் சென்னை ஆராய்ச்சியாளர் 1988இல் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ்ப் பரிசோதனையும் மாத்திரைகளும் இலவசம். மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும். மருத்துவர் கூறாமல் நிறுத்தலாகாது.

உறுப்பினர்களே! கிராம சுகாதாரச் செவிலியருடன் கூடி, உங்கள் ஊர்க் கர்ப்பிணிகள் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டனரா என்று பாருங்கள். தொலைவிலுள்ள குடியிருப்புகளில், மக்கள் தொழில் முடித்துத் திரும்பும் வேளையில் முகாம் நடத்தக் கேளுங்கள். நோய் கண்டவர்களைச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கடலூர் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யுங்கள். சாலையும் விளக்கும் அமைப்பது போலவே இதுவும் ஊராட்சியின் கடமையாகும்.