ஜனவரி 10இல் நடந்தவை
(தியாகிகள் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜனவரி 10ஐ நாம் மலையகத் தியாகிகள் தினமாக அனுஷ்டித்து வருகிறோம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனுக்காக ஏற்றிய விளக்கு இது. அந்தக் கதை இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். ஆகவே இம்முறை வேறொன்றைப் பேசுவோம் என்று கமிட்டியில் முடிவெடுத்தோம். இதே திகதியில் உலகத்தில் வேறு என்ன நடந்தது, அதில் நம்மைத் தொடுவது எது?

முதலில் 1860. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்றொரு ஊர். அங்கே பெம்பர்ட்டன் என்ற ஐந்து மாடிப் பருத்தி மில். கட்டி ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டடம் சரிந்தது. உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். பலர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பெண்களும் சிறு பிள்ளைகளும் அதிகம். இடிபாட்டுக்குள் கேட்ட குரல்களை வைத்து ஆட்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, இரவில் ஒரு லாந்தர் விழுந்து தீப்பிடித்தது. உயிரோடு அகப்பட்டிருந்தவர்கள் எரிந்து போனார்கள்.

செத்தவர்கள் 88 என்று ஒரு கணக்கு, 145 என்று இன்னொரு கணக்கு. அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் வித்தியாசம் பார்க்கிற முதலாளிமாருக்கு, செத்தவர் எத்தனை பேர் என்பதில் மட்டும் கணக்குத் தவறிவிடுகிறது. விசாரணையில், இரும்புத் தூண்கள் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் வார்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. தாங்கும் அளவுக்கு மேல் இயந்திரங்களையும் ஏற்றியிருந்தார்கள். முதலாளிகள் தண்டிக்கப்படவில்லை. மில்லை மீண்டும் கட்டினார்கள். வெடித்த லயத்துச் சுவரைக் காட்டி முறைப்பாடு எழுதிவிட்டுக் காத்திருக்கும் நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல.

அறுபது வருஷம் கழித்து, 1920 ஜனவரி 10. முதலாம் உலக யுத்தத்தை முடித்த வெர்சாய் உடன்படிக்கை அன்றுதான் அமுலுக்கு வந்தது. அதன் 13ஆம் பகுதியே சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் அத்திவாரம். உழைப்பை வெறும் வியாபாரச் சரக்காகக் கருதக்கூடாது, எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை, வாழத்தக்க சம்பளம் என்றெல்லாம் அதில் எழுதினார்கள்.

அன்று நமது பாட்டன் பூட்டன் எந்த நிலையில் இருந்தார்கள்? துண்டு முறையில் இருந்தார்கள். இளையவர்களுக்கு இது தெரியாது. கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. அதைக் காட்டிக் கங்காணி அடுத்த தோட்டத்தில் முற்பணம் வாங்குவார். கடனோடு சேர்த்து ஆட்களும் கைமாறுவார்கள். மனிதன் சரக்கல்ல என்று ஐரோப்பாவில் எழுதியது அமுலுக்கு வந்த நாளில், இங்கே மனிதனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வர 1927 ஆனது. கடதாசியில் இருந்த சங்க உரிமையை இருபது வருஷம் கழித்து முல்லோயாவில் கேட்டதற்குக் கிடைத்தது குண்டு.

1946இல் இதே நாளில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முதல் தடவையாக லண்டனில் கூடியது. 51 நாடுகள். அந்தச் சபை 1948 டிசம்பர் 10இல் மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பிரஜாவுரிமை உண்டு என்கிறது அதன் 15ஆம் உறுப்புரை. அதற்கு ஒரு மாதம்கூட முன்னதாக இல்லை, நவம்பர் 15ஆம் திகதிதான், நமது மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் அமுலுக்கு வந்திருந்தது.

இன்னொன்று 1966. சோவியத் நாட்டின் தாஷ்கண்ட் நகரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப்கானும் சமாதான உடன்பாட்டில் கையொப்பமிட்டார்கள். அன்றிரவு விடிவதற்குள் சாஸ்திரி காலமானார். உலகம் அவரைச் சமாதானத்துக்காக நினைக்கிறது, அது நியாயமே. நமது லயங்களில் அவர் பெயர் இன்னொரு கையொப்பத்தோடு சேர்ந்தே வரும். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் அவரும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். எங்கே போக விருப்பம் என்று நம்மிடம் கேட்டுவிட்டா அந்தத் தொகைகளை எழுதினார்கள்? அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலும் ஆன குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன.

1974இல் யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்தில் உயிர்கள் பலியானதும் இதே திகதியில்தான். அவர்களுக்கும் இந்த விளக்கு.

கோவிந்தனின் மரணம் பற்றி விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது. அவருடைய மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். அதனால்தான் அந்தப் பெயர் இன்றும் நம்மிடம் இருக்கிறது. 1977இல் காணிப் பறிப்பை எதிர்த்து டெவன் தோட்டத்தில் உயிர் கொடுத்த சிவனு லட்சுமணனின் பெயரும் இருக்கிறது. மலையில் சறுக்கி விழுந்தவர்கள், ஸ்டோரில் இயந்திரத்தில் அகப்பட்டவர்கள், மண் சரிந்து லயத்தோடு போனவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போட வேண்டும். பெரியவர்களிடம் கேட்டு, இறந்தவரின் பெயர், டிவிஷன், வருஷம், எப்படி இறந்தார், குடும்பத்துக்கு நட்டஈடு கிடைத்ததா என்பதை எழுதுங்கள். வருஷம் தெரியாவிட்டால் பெயரை மட்டுமாவது எழுதுங்கள். வெடித்த சுவர்களையும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் லய இலக்கத்தோடு குறியுங்கள். அடுத்த மாவட்டக் கமிட்டிக்கு வரும்போது கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள்.