ஆணையும் வாக்குறுதியும்

ஆணை நிறைவேறுவது அதனை இட்டவரின் கையில் இல்லை. ஏற்பவரின் ஆற்றலிலும் இசைவிலுமே தங்கியுள்ளது. மக்கள் வாழ்வில் யாவரும் அறிந்த இவ்வுண்மை கணினிகளுக்கும் பொருந்தும்.

வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவேடு முதலியவற்றை இன்று பல இடங்களிற் பரந்துள்ள கணினிகள் ஒன்றுகூடி நடத்துகின்றன. தலைமைக் கணினி ஒன்று ஆணையிட, ஏனையவை பணிந்து நடக்கும் என எண்ணுவது இயல்பே. ஆனால், இடையிலே இணைப்பு அறுந்தால் ஆணை வழியில் நின்றுவிடும். ஏவிய கணினியோ வேலை முடிந்ததா இல்லையா என அறியாது மயங்கும்.

1993ஆம் ஆண்டில், நோர்வே நாட்டின் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்திற் கோட்பாட்டுப் பௌதிகத் துறையின் கணினிகளைப் பராமரிக்கும் சுமையைக் குறைக்க, மார்க் பேர்ஜஸ் என்னும் ஆய்வாளர் ‘சி.எப்.எஞ்சின்’ என்ற மென்பொருளை ஆக்கினார். இதன்படி, ஒவ்வொரு கணினியும் தான் இருக்கவேண்டிய நிலை யாதென்பதற்கு ஒரு பிரதியைத் தன்னிடமே வைத்திருக்கும். அடிக்கடி தன்னைச் சோதித்து, பிறழ்ந்தவற்றை மட்டும் திருத்திக்கொள்ளும். தலைமைக் கணினியின் தொடர்பு அற்றபோதும், இறுதியாகப் பெற்ற பிரதியைக் கொண்டு தன் கடனைச் செய்யும்.

இம்முறைக்குத் தக்க வாக்குறுதிக் கோட்பாட்டினை அவர் 2004இல் முன்வைத்தார். எதுவும் தன் செயலைப் பற்றியே வாக்களிக்கலாம்; பிறிதொன்றின் செயலுக்கு வாக்களித்தல் பொருளற்றது என்பது அதன் அடிப்படை. தரவுக் களஞ்சியக் கணினி, ‘வினாவுக்கு விடை அனுப்புவேன்’ எனச் சொல்லலாம். ‘விடை உரிய நேரத்திற் சென்றுசேரும்’ எனச் சொல்ல இயலாது. ஏனெனின், இடையிலுள்ள இணைப்பு அதன் வசத்தில் இல்லை. அன்றியும், தருவேன் என ஒன்று வாக்களித்தால் மட்டும் போதாது; ஏற்பேன் என மற்றொன்றும் வாக்களித்தல் வேண்டும். இரண்டும் பொருந்திய இடத்திலேயே கூட்டுறவு பிறக்கின்றது.

அப்படியாயின், வாக்குத் தவறினால் என் செய்வது என்ற வினா எழும். வாக்குறுதி உத்தரவாதமாகாது என இக்கோட்பாடு வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றது. ஆதலால், பெறுவோன் தனக்கு வந்த வாக்கு நிறைவேறியதா எனத் தானே கண்டறிதல் வேண்டும். நிறைவேறாதவிடத்து மாற்றுவழி ஒன்றினையும் வைத்திருத்தல் வேண்டும். எவ்வாக்கு எங்கே தவறிற்று என்பதும் அப்போதுதான் புலனாகும்.

நள்ளிரவில் நோயாளியின் பதிவேட்டைத் தேடும் வைத்தியருக்கு ஒரு களஞ்சியம் மறுமொழி தராதாயின், மற்றொன்று தருதல் வேண்டும். அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைப்பது, வாக்குத் தவறவும் கூடும் என உணர்ந்தவர்க்கே கைகூடும்.