அசையாமல் கலக்கும் குழாய்

இரசாயனத் துறைச் சிறுதொழில் முனைவோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை

கலக்குதல் என்றதும் எவர் நினைவுக்கும் வருவது மத்தோ அகப்பையோதான். இரசாயனத் தொழிற்சாலைகளிலும் நெடுங்காலமாக ஏறக்குறைய இதே முறைதான் கையாளப்பட்டு வருகிறது. பெரியதொரு கலன், அதனுள் சுழலும் துடுப்பு, மேலே ஒரு மோட்டார், அச்சைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு. இவற்றுள் அதிகத் தொல்லை தருவது அந்த அடைப்பே என்பதைப் பராமரிப்புப் பிரிவினர் நன்கறிவர்.

ஸ்டாட்டிக் மிக்ஸர் எனப்படும் அசையாக் கலப்பானில் இவை எதுவும் இல்லை. அது வெறும் குழாய்த் துண்டு. உள்ளே முறுக்கிய தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். 1960களில் அமெரிக்காவில் உருவான கெனிக்ஸ் வகையில் ஒவ்வொரு தகடும் 180 பாகை முறுக்கப்பட்டது. ஒன்று இடப்புறமாக, அடுத்தது வலப்புறமாக. ஒரு தகட்டின் முனை முன்னதன் முனைக்குக் குறுக்காக நிற்பதால், வரும் திரவம் ஒவ்வொரு தகட்டிலும் இரண்டாகப் பிளவுபடுகிறது. முதல் தகட்டில் 2 அடுக்குகள், அடுத்ததில் 4, பிறகு 8; பத்தாவது தகட்டைக் கடக்கையில் 1,024. குழாயின் விட்டம் 5 சென்டிமீட்டர் எனில், ஓர் அடுக்கின் பருமன் தலைமயிரின் அளவுக்கு வந்துவிடும்.

வெறுங்குழாயில் இது நிகழாதா? 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய் நீரில் சாயத்தைச் செலுத்திச் சோதித்தார். வேகமான ஓட்டத்தில் சாயம் சிதறிக் கலந்தது. மெதுவான ஓட்டத்தில் நூலிழை போல் கலவாமலே சென்றது. பாகு போன்ற கெட்டித் திரவங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேயே ஓடுகின்றன. அங்குதான் முறுக்குத் தகடுகளின் பயன் மிகுதி. குழாய்ச் சுவரை ஒட்டிய திரவத்தை நடுவிற்கும், நடுவிலுள்ளதைச் சுவருக்கும் அவை இடைவிடாது மாற்றுவதால், வெப்பமும் விரைவாகக் கடத்தப்படுகிறது. வாயுவைத் திரவத்தில் கரைக்கும்போது குமிழிகள் சிறியனவாகிப் பரப்பு பெருகுகிறது.

மோட்டார் இல்லையென்பதால் மின்செலவே இல்லை என்று விற்பனையாளர் சிலர் கூறுவதை நம்ப வேண்டியதில்லை. அச்செலவு பம்பின் கணக்கில் சேருகிறது. மெதுவான ஓட்டத்தில் இவ்வகைக் கலப்பானின் அழுத்த இழப்பு வெறுங்குழாயைப் போல் சுமார் 7 மடங்கு. எனினும் தொகை பெரிதன்று. மணிக்கு 10 கன மீட்டர் திரவம் பாய்ந்து அரை பார் அழுத்தத்தை இழப்பதாகக் கொண்டால், அதற்கான திறன் சுமார் 140 வாட். பம்பில் பாதி வீணாகும் எனினும் 280 வாட்தான்.

ஆனால் மின்கட்டணத்தைவிட முக்கியமான ஆதாயம் வேறு. கலனில் பல மணி நேரம் நடக்கும் வினை குழாயில் சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ முடியுமானால், ஆலையில் ஒரே நேரத்தில் இருக்கும் அபாயப் பொருளின் அளவு வெகுவாகக் குறையும். நைட்ரோகிளிசரின் தயாரிப்பு இதற்குத் தக்க சான்று. முன்னாட்களில் சுமார் ஒரு டன் வெடிபொருள் கலனில் கிடக்க, அருகில் ஒரு தொழிலாளி வெப்பமானியைப் பார்த்தபடி ஒற்றைக்கால் முக்காலியில் அமர்ந்திருப்பார். கண் அயர்ந்தால் கீழே விழ வேண்டும் என்பதற்காகவே அந்த ஒற்றைக்கால்! பிற்காலத்தில் அசையும் பாகமற்ற மற்றொரு சாதனம் வந்தது. அதில் பாயும் அமிலமே கிளிசரினை உறிஞ்சிக் கலக்கிறது. அமிலம் நின்றால் கிளிசரின் வரவும் தானே நின்றுவிடும். வினை நடக்கும் இடத்தில் உள்ள பொருள் ஏறத்தாழ ஒரு கிலோ மட்டுமே.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் நீர் புகுந்த தொட்டியில் இருந்தது சுமார் 40 டன் மெதில் ஐசோசயனேட். அது விற்பனைப் பொருளன்று. அடுத்த வினைக்காகச் சேமித்து வைக்கப்பட்ட இடைப்பொருள். கலப்பான் ஒன்று அவ்விபத்தைத் தடுத்திருக்கும் எனக் கூறுவது மிகை. ஆனால் இடைப்பொருளை உண்டானவுடனே அடுத்த வினைக்குள் செலுத்தும் முறைக்கு, குழாயிலேயே கலக்கும் சாதனங்கள் பெருந்துணை புரிகின்றன.

அப்படியாயின் எல்லாச் சிற்றாலைகளும் கலனைக் கைவிடலாமா? இயலாது. ஆண்டில் பத்துவகைச் சாயங்களை ஒரே கலனில் மாறிமாறித் தயாரிப்பவருக்குக் கலனே வசதி. மெதுவாக நடக்கும் வினைகளுக்குக் குழாய் மிக நீண்டுவிடும். நாரோ வண்டலோ கலந்த திரவம் தகடுகளில் அடைத்துக்கொள்ளும். அமிலத்தை நீர்த்தல், கழிவுநீரை நடுநிலையாக்குதல், குடிநீரில் படிகாரக் கரைசலைச் சேர்த்தல் போன்ற பணிகளிலிருந்து தொடங்குவதே சிற்றாலைகளுக்கு ஏற்றது.

அதற்கும் இரு திரவங்களும் சரியான விகிதத்தில் வந்துகொண்டிருக்க வேண்டும். விகிதம் தவறினால் கலப்பான் தவறான கலவையை மிகச் சீராகக் கலந்து தரும்! ஆகவே அளவுப் பம்பும் ஓட்டமானியும் இன்றிக் கலப்பானை மட்டும் வாங்குவது வீண் செலவு. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, விலையோடு எந்த ஓட்டத்தில் எவ்வளவு அழுத்த இழப்பு என்பதையும் விற்பவர் எழுத்தில் தரவேண்டும் எனக் கேட்க வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கிய நெருக்கமான தகடுகள் கூடுதல் மின்சாரத்தைப் பல ஆண்டுகள் விழுங்குவது அப்போதுதான் முன்கூட்டியே தெரியவரும்.