குதிரை முதுகில் ஒரு சிகிச்சை



1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலால், யாராவது தூக்கிவிட்டால்தான் குதிரையில் ஏற முடிந்தது. இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களை முழங்காலுக்குக் கீழே செயலிழக்க வைத்திருந்தது. சவாரியைச் சிகிச்சையாகவும் பார்க்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுப்பட, அவருடைய வெற்றி ஒரு பெரிய காரணம்.

இன்று மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கும் இந்தப் பயிற்சி தரப்படுகிறது. குதிரை மெல்ல நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாக அசையும். நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதனால், சொந்தமாக ஓர் அடிகூட எடுத்து வைக்காத பிள்ளையின் இடுப்புக்கும் நடையின் தாளம் கிடைத்துவிடுகிறது! சாய்ந்துவிடாமல் உட்கார, முதுகும் வயிறும் ஒவ்வோர் அடிக்கும் வேலை செய்கின்றன. கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் தொடைகள், குதிரையின் உடல்சூட்டில் மெல்ல இறுக்கம் தளர்ந்து விரிகின்றன.

ஒருவர் குதிரையை நடத்திச் செல்வார். இருபுறமும் ஆட்கள் குழந்தையைப் பிடித்தபடி கூடவே நடப்பார்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கண்ணெடுக்காமல் கவனிப்பார்.

இதனால் நோயே போய்விடும் என்று யாராவது சொன்னால், பெற்றோர்களே, தயவுசெய்து நம்பாதீர்கள். வழக்கமான பிசியோதெரபியை நிறுத்தவும் வேண்டாம். இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, குதிரையில் ஏற்றுவது ஆபத்து. முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.