புது வண்டியும் முதல் கீறலும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் பார்க்கிங்கில் புது வண்டிகள் பெருகியிருக்கின்றன. மகிழ்ச்சி. கூடவே இரண்டு சச்சரவுகளும் வந்துவிட்டன. ஒன்று, தினமும் ஹோஸ் பிடித்துக் கழுவுவது. மற்றொன்று, "என் காரில் கீறியது யார்?" என்பது. நான் காமர்ஸ் படித்தவன். கணக்காகவே சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸில் ஐ.டி.வி. என்று ஒன்று உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20 என்று கழித்துக்கொண்டே போய், ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். பத்து லட்ச ரூபாய் வண்டி ஐந்து லட்சமாகிவிடும். தினமும் துடைத்தவருக்கும் துடைக்காதவருக்கும் ஒரே அட்டவணைதான்.

கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவதும் லாபமில்லை. ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதம், ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம் என்று நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கிறது. தனியாகப் பணம் கட்டிப் பாதுகாத்துக்கொள்ளாதவர்களுக்கு, ஒரு சின்னக் கிளெய்மிலேயே அது போய்விடும்.

அதற்காக வண்டியை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. மூன்று விஷயங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பறவை எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். இரண்டாவது, தகரம் தெரியும் கீறல். கடல் காற்றில் சீக்கிரம் துருப் பிடிக்கும், டச்சப் செய்துவிடுங்கள். மூன்றாவது, கண்ணாடியும் விளக்குகளும். அது அழகு அல்ல, பாதுகாப்பு.

மற்ற கோடுகளின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் பெரும்பாலும் மேல்பூச்சோடு போயிற்று. அதை விட்டுவிடலாம். உண்மையில் இந்த மெல்லிய கோடுகளில் பல, காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதால் வருபவை. தூசி என்பது பொடி மணல்தானே!

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். நமக்கு அபராதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, வெயில் ஏறும் முன், ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு துணியும் போதும். உப்புத் தண்ணீராக இருந்தால் உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளின் சைக்கிள் உரசும். பக்கத்து வண்டியின் கதவு படும். உரசியவர் தாமாக வந்து சொல்ல வேண்டும். கேட்பவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். சொன்னவரைத் திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டி துடைக்கும் தம்பியின் சம்பளத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். நமக்கு அது ஒரு கோடு. அவருக்கு அது ஒரு மாத மளிகை.

வண்டி ஓடத்தான் வாங்கினோம். ஓடினால் தேயும்.