தளிர்நடைக்கு ஒரு பூங்கா

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற நம் குடும்பங்களில் திண்ணையும் இல்லை; தூக்கி வைத்துக்கொள்ளப் பாட்டியும் இல்லை. இரண்டு அறைகளுக்குள் நடை பழகும் குழந்தை எங்கே ஓடியாடும்? ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாள்தோறும் 180 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அதற்குப் பூங்காவே துணை.

எந்தப் பூங்கா? மும்பை மலபார் குன்றிலுள்ள கமலா நேரு பூங்காவும் அதன் காலணி வடிவ வீடும் புகழ் பெற்றவை. விடுமுறையில் சென்று களிக்கலாம். ஆயினும் மாட்டுங்காவில் வாழும் தாய்க்கு, பக்கத்திலுள்ள ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களே அன்றாடம் உதவும். மழலைக்குரிய பூங்கா புகழால் அன்று, அருகாமையால் சிறப்பது.

முதலில் நீங்கள் தனியே சென்று பாருங்கள். வாயிற்கதவு மூடக்கூடியதா? அமரும் இடத்திலிருந்து குழந்தை கண்ணில் படுமா? பெரிய பிள்ளைகள் பந்தடிக்கும் இடம் விலகியுள்ளதா? ஊஞ்சலின் கீழே சிமெண்டுத் தரையினும் தூய மணலே நன்று. சறுக்குமரத்தின் தகட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குழந்தைக்குக் கொப்புளிக்கும். தில்லிவாழ் அன்பர்கள் கோடையில் அதிகாலையிலேயே செல்க. புகைமூட்டம் கவியும் நவம்பரில் காற்றின் தரத்தை அறிந்த பின்னரே செல்க.

மணல் அளையும் குழந்தை அவ்வூர் மொழியை விளையாட்டாகவே கற்கிறது. தாய்க்கோ, அவசர வேளையில் அழைக்க ஒரு தோழி கிடைக்கிறாள். உற்றாரைப் பிரிந்து வாழ்வோர்க்கு அது சிறிய பேறன்று.