ஓர்லி வால்ட்: பட்டியலுக்கும் படுக்கைக்கும் நடுவே

 

ஹிட்லரை எதிர்த்த கம்யூனிஸ்டுகள் என்றதும் நம்மில் பலருக்கு ஜூலியஸ் பூசிக் நினைவுக்கு வருவார். 1943-இல் பெர்லினில் கொல்லப்பட்டவர். சிறையில் அவர் துண்டுத்தாள்களில் எழுதியதைத் தமிழில் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது தூக்குமேடை ஏறாத ஒரு பெண்ணைப் பற்றி. ஜெர்மனியைச் சேர்ந்த ஓர்லி வால்ட்.

1914-இல் பிறந்தவர். டிரியர் நகரில் வளர்ந்து, இளம் வயதிலேயே கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் சேர்ந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் தலைமறைவு வேலை. 1936-இல் கைதானார். தேசத்துரோகக் குற்றம் சாட்டி நான்கரை ஆண்டு சிறை கொடுத்தார்கள். தண்டனை முடிந்தும் வீட்டுக்கு விடவில்லை. "பாதுகாப்புக் காவல்" என்று சொல்லி ராவென்ஸ்புருக் முகாமுக்கு அனுப்பினார்கள். 1942-இல் அங்கிருந்து ஆஷ்விட்ஸ். அரசியல் கைதி என்பதற்கான சிவப்பு முக்கோணம் அவர் உடையில் இருந்தது.

பிர்கெனாவ் பெண்கள் முகாமில் நோயாளிகளுக்கென்று மரக்கொட்டகைகள் இருந்தன. அங்கே ஓர்லி வேலை செய்தார். 1943-இல் அந்தப் பகுதியின் மூத்த கைதியாக அவரை நியமித்தார்கள். மருந்து இல்லை, தண்ணீர் இல்லை. டைஃபஸ் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஒரே பலகையில் பல பேர்.

நான் செவிலியர். எங்கள் வார்டில் டியூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை ஒப்படைப்போம். யாருக்கு மிகவும் முடியவில்லையோ அவர் பெயரை முதலில் சொல்வோம். முதலில் கவனிக்க வேண்டியவர் அவர்தான். ஆஷ்விட்ஸிலும் மிகவும் முடியாதவர்களைத்தான் முதலில் குறித்தார்கள். எஸ்.எஸ். மருத்துவர் வருவார், பார்ப்பார், எண்ணைக் குறிக்கச் சொல்வார். குறிக்கப்பட்டவர்கள் 25-ஆம் கொட்டகைக்குப் போவார்கள். அங்கிருந்து விஷவாயு அறைக்கு. எங்கள் தொழிலின் அதே பழக்கம், தலைகீழாக. இதைப் படித்த அன்று என்னால் நோயாளிகள் பட்டியலைச் சாதாரணமாகக் கையில் எடுக்க முடியவில்லை.

அந்தப் பட்டியலுக்கும் படுக்கைக்கும் நடுவே நின்றவர் ஓர்லி. மருத்துவர் வரப்போகிறார் என்று முன்கூட்டியே எச்சரித்தார், நோயாளிகளை ஒளித்து வைத்தார் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "ஆஷ்விட்ஸின் தேவதை" என்றே அவரை அழைத்தார்கள்.

இந்தத் தேவதை என்ற பெயரில்தான் எனக்கு ஒரு சங்கடம். எங்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். தேவதைக்குக் கால் வலிக்காது, தூக்கம் கெடாது, மனசாட்சி உறுத்தாது. ஓர்லியின் பதவியோ நாஜிகள் கொடுத்த பதவி. அதில் இருந்தால்தான் ஒருவரைக் காப்பாற்ற முடியும்; இருந்தால் மற்றவர்களைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். ஓர் எண்ணை எடுத்தால் அந்த இடத்தில் இன்னோர் எண் ஏறலாம். இதை யோசிக்காமல் அவரைத் தேவதை என்றால், அவர் செய்ததில் பாதியைத்தான் பார்க்கிறோம்.

1945 ஜனவரியில் செம்படை நெருங்கியதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைப் பனியில் நடக்க வைத்தார்கள். ஓர்லியும் நடந்தார். போர் முடியும் தறுவாயில் தப்பினார். நீண்ட நாள் சிகிச்சை பெற்றார். தன்னைப் போலவே எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து சிறை சென்ற எடுவார்ட் வால்டை மணந்து ஹனோவரில் வாழ்ந்தார். முகாமில் கண்டதைக் கதைகளாக எழுதிப் பார்த்தார். எழுத்தால் அந்தச் சுமை இறங்கவில்லை. மனச்சோர்வு விடவே இல்லை. 1962 ஜனவரி 1 அன்று மனநல மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 47. ஏறக்குறைய என் வயது. ஹனோவரில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

நான் ஜெபம் செய்கிறவள். அவர் நம்பியது கட்சியை. நல்ல சமாரியன் கதையில் காயம்பட்டவனுக்குக் கட்டுப்போட்டவனிடம் யாரும் மதம் கேட்கவில்லை. அதனால் எனக்கும் இது இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்தக் கதையில் சொல்லப்படாத ஒன்று உண்டு. அந்தச் சமாரியன் அன்றிரவு தூங்கினானா?

நம் குடும்பங்களிலும் போரிலிருந்தும் முகாம்களிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே பிறரைத் தூக்கிச் சுமந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் புகழ்வதற்கு நாம் மறப்பதில்லை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கத்தான் மறந்துவிடுகிறோம். புகழ்வதோடு, இனி அதையும் கேட்போம்.